இரு மரபில் ஒரு வீரர்: ராபர்ட் ஜவோர்ஸ்கியின் விளையாட்டு வாழ்வு

புதிய மாணவரைப் பதிவு செய்யும் நாளில் நிரப்ப வேண்டிய படிவத்தில் 'இனம்' என்றொரு கட்டம் உண்டு. என் பணிக்காலத்தில் அக்கட்டத்தை எத்தனையோ முறை தயக்கமின்றி நிரப்பியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, தாய் தமிழராகவும் தந்தை சீனராகவும் அமைந்த சிறுவன் ஒருவன் நான்காம் ஆண்டில் பயின்றுவந்தான். திடலில் பந்து விளையாடுகையில் எழுந்த சிறு பூசலில், உடன் பயிலும் பிள்ளைகள் அவனைப் 'பாதி' என்று அழைத்துவிட்டனர். அவன் அழவில்லை. என் அறைக்கு வந்து நின்று, "ஐயா, என்னைப் பாதி என்கிறார்கள். நான் எதில் பாதி, ஐயா?" என்று கேட்டான்.

அழைத்த பிள்ளைகளைக் கண்டிப்பது எளிதாக இருந்தது. கேட்ட பிள்ளைக்கு விடை கூறுவதுதான் எளிதாக இல்லை. அறிவுரைகள் பல என் நாவில் வந்து நின்றன. அவற்றுள் ஒன்றேனும் அச்சிறுவனுக்குப் பயன்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. அறிவுரையால் விளங்காதது சில வேளைகளில் வரலாற்றால் விளங்கும். அவ்வகையில் நான் தேடிக் கண்டவர் பிலிப்பைன்ஸ் நாட்டின் கூடைப்பந்து வீரர் ராபர்ட் ஜவோர்ஸ்கி. அவருடைய வரலாற்றை ஆசிரியரும் மாணவரும் அறிந்துகொள்வது நலம் எனக் கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பிறந்த ஊரும் பிறந்த காலமும்

ஜவோர்ஸ்கி 1946-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் பாகியோ நகரில் பிறந்தார். தந்தையார் போலந்து வழிவந்த அமெரிக்கர். தாயார் இலோக்கானோ இனத்தைச் சேர்ந்த பிலிப்பினோ பெண்மணி. லூசோன் தீவின் வட மலைப்பகுதியில் அமைந்த பாகியோ, அமெரிக்க ஆட்சியாளர் கோடைக் காலத் தலைநகராகத் திட்டமிட்டுக் கட்டிய ஊராகும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அந்நகரம் குண்டுவீச்சில் இடிந்து கிடந்தது. ஜப்பானியப் படைத்தலைவர் யமாஷிதா, 1945 செப்டம்பர் 3-ஆம் நாள் அந்நகரில்தான் சரண்புகுந்தார். அதன் பின்னர் ஆறு திங்கள் கழித்து ஜவோர்ஸ்கி பிறந்தார். அவர் பிறந்து நான்கு திங்கள் கழித்து, 1946 சூலை 4-ஆம் நாள், பிலிப்பைன்ஸ் விடுதலை பெற்றது.

அவர் பிறந்தபோது அந்நாட்டின்மேல் பறந்தது அமெரிக்கக் கொடி. தவழத் தொடங்கியபோது பறந்தது சொந்தக் கொடி. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பானியரும், 1898 முதல் அமெரிக்கரும், இடையில் மூன்றாண்டு ஜப்பானியரும் ஆண்ட அந்நாட்டில், இரு மரபில் பிறந்த பிள்ளைகள் புதியவர் அல்லர். ஸ்பானிய மொழியிலிருந்து வந்த 'மெஸ்டிசோ' என்னும் சொல்லால் அவர்கள் நெடுங்காலமாக அழைக்கப்பட்டு வந்தனர். அச்சொல் சில வேளைகளில் உயர்வையும் சில வேளைகளில் விலகலையும் குறித்தது. ஆனால் புதிதாய் விடுதலை பெற்ற ஒரு நாடு, 'நம்மவர் யார்?' என்னும் வினாவைப் புதிதாகக் கேட்கத் தொடங்கிய காலம் அது. அவ்வினாவோடு சேர்ந்தே இப்பிள்ளையும் வளர்ந்தது.

இரவல் ஆட்டம் சொந்த ஆட்டமான கதை

கூடைப்பந்தும் அந்நாட்டிற்கு வெளியிலிருந்து வந்ததே. 1891-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் மாணவர் உள்ளரங்கில் ஆடுவதற்கென இதனை வகுத்தார். பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணவருக்காகக் கண்ட ஆட்டம் இது என்பது நம்மனோர்க்குப் பெருமை தரும் செய்தி.

1901-இல் 'தாமஸ்' என்னும் கப்பலில் ஐந்நூறு அளவிலான அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்திறங்கினர். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தோரும் அமைத்த பள்ளிகளின் வழியாகவும், இளைஞர் சங்கத்தின் வழியாகவும் கூடைப்பந்து அத்தீவுகளில் பரவியது. 1913-இல் மணிலாவில் நடைபெற்ற முதலாம் தூரக்கிழக்குப் போட்டிகளில் பிலிப்பைன்ஸ் அணி வென்றது. அப்போட்டிகள் நடைபெற்ற பத்து முறைகளில் ஒன்பது முறை அவ்வெற்றி அதற்கே உரியதாயிற்று. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம். 1954-இல் பிரேசிலில் நடந்த உலகப் போட்டியில் மூன்றாம் இடம். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1951 முதல் 1962 வரை தொடர்ந்து நான்கு தங்கப் பதக்கங்கள். நெடிய உருவம் படைத்தோர்க்கே உரியது என்று கருதப்படும் ஆட்டத்தில், சராசரி உயரம் குறைந்த ஒரு மக்கள் பெற்ற சிறப்பு இது. 1954-இல் அவ்வணிக்குத் தூணாக நின்ற கார்லோஸ் லோய்சாகா ஸ்பானிய வழித்தோன்றல் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஆள வந்தவர் தந்த ஆட்டத்தை ஆளப்பட்டவர் தமதாக்கிக்கொண்டனர். சிற்றூர்களின் முச்சந்திகளில் தென்னை மரத்தில் வளையம் கட்டி ஆடினர். எனவே கூடைப்பந்தும் ஜவோர்ஸ்கியைப் போன்றதே. ஒரு பக்கம் அமெரிக்கா, மறுபக்கம் பிலிப்பைன்ஸ். அதனைப் 'பாதி' என்று எந்தப் பிலிப்பினோவும் சொல்வதில்லை.

சட்டம் வகுத்த வழி

இரு மரபுப் பிள்ளைகளைப் பற்றிச் சட்டம் என்ன கூறிற்று என்பதையும் அறிதல் வேண்டும். 1935-ஆம் ஆண்டின் பிலிப்பைன்ஸ் அரசியலமைப்பு, தந்தை பிலிப்பினோவாக இருந்தால் பிள்ளைக்குக் குடியுரிமை தானே உண்டு என்றது. தாய் மட்டும் பிலிப்பினோவாக இருந்தாலோ, பிள்ளை உரிய வயதை அடைந்தபின் அந்நாட்டுக் குடியுரிமையைத் தானே தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்று விதித்தது. 1941-ஆம் ஆண்டின் ஒரு சட்டம் அதற்கான முறையையும் வகுத்தது: உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பம், அதனுடன் நாட்டுப்பற்று உறுதிமொழி. 1973-ஆம் ஆண்டின் அரசியலமைப்பே தாயையும் தந்தையையும் ஒரே நிலையில் வைத்தது. 1987-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 1973 சனவரி 17-ஆம் நாளுக்கு முன் பிலிப்பினோத் தாய்க்குப் பிறந்து குடியுரிமையைத் தேர்ந்தவர்களையும் பிறப்பாலேயே குடிமக்கள் என்று அறிவித்தது.

தாய்வழி உறவை இரண்டாம் நிலையில் வைத்த காலம் ஒன்று இருந்தது. அது மாறுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. இதில் நாம் கருத வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. 'தேர்ந்தெடுத்தல்' என்பது அச்சட்டம் விதித்த சுமை. எனினும் அதனுள் ஓர் உண்மையும் இருந்தது. நாட்டுக்கு உரியவனாதல் என்பது பிறப்பினால் மட்டும் அமைவதன்று. மனிதன் தன் செயலால் நாள்தோறும் தேர்ந்தெடுத்துக்கொள்வதும் ஆகும். ஜவோர்ஸ்கியின் விளையாட்டு வாழ்வு முழுவதையும் அத்தகைய நெடிய தேர்வாகவே நான் காண்கிறேன்.

ஏற்றமும் வாழ்நாள் தடையும்

மணிலாவின் கிழக்குப் பல்கலைக்கழக அணியில் அவர் பெயர் பெற்றார். அங்கே அவருக்குப் பயிற்சியளித்தவர் 'பேபி' டலுபான் என்று அனைவராலும் அழைக்கப்பட்ட வர்ஜிலியோ டலுபான். ஆசிரியரின் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. அவர் மீண்டும் வருவார்.

1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜவோர்ஸ்கி தம் இருபதாம் வயதில் நாட்டின் சட்டையை அணிந்தார். 1967-இல் சியோல் நகரில் ஆசியக் கூடைப்பந்து வாகையர் பட்டத்தைப் பிலிப்பைன்ஸ் கைப்பற்றியபோது அவ்வணியில் இருந்தார். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கிலும் ஆடினார். உள்நாட்டில், தொழில் நிறுவனங்களின் அணிகள் மோதிய 'மைக்கா' போட்டிகளில் மெரால்கோ மின்விநியோக நிறுவனத்தின் அணிக்காக விளையாடினார். அகன்ற தோளும் பெருத்த கையும் வாய்ந்த அவர், பந்தை எடுத்துச் செல்லும் இடத்தில் நின்று ஆட்டத்தை நடத்தினார். மோதலுக்கு அஞ்சாதவர்; அந்த அஞ்சாமையே அவருக்குப் பகையுமாயிற்று.

1971-ஆம் ஆண்டு கிரிஸ்பா அணிக்கு எதிரான ஆட்டமொன்றில், நடுவர்களின் தீர்ப்பினால் சினமுற்று, ஜவோர்ஸ்கியும் அவருடைய அணித்தோழர் ஆல்பெர்டோ ரெய்னோசோவும் நடுவர்களைத் தாக்கினர். இருவருக்கும் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அப்போது ஜவோர்ஸ்கிக்கு வயது இருபத்தைந்து.

இச்செய்தியை மாணவருக்கு மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது. நடுவர்மேல் கை வைப்பது ஆட்டத்தின் அடித்தளத்தையே தகர்ப்பதாகும். தண்டனை முறையானதே. ஆயினும் 1973-இல் ஆசிய வாகையர் போட்டி மணிலாவில் நடைபெறவிருந்தபோது, அத்தடை நீக்கப்பட்டு இருவரும் நாட்டு அணிக்கு அழைக்கப்பட்டனர். அந்த அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் பட்டம் வென்றது. தேவை வந்தபோது தண்டனையைத் தளர்த்தியது சரியா என்று வகுப்பில் விவாதிக்க இது நல்ல பொருள். இன்னொன்றையும் இங்கே காணலாம்: நாடு அவரைக் கடிந்தபோதும் தன் பிள்ளையாகக் கடிந்தது, அழைத்தபோதும் தன் பிள்ளையாகவே அழைத்தது.

தொழில்முறைக் களத்தில்

1975 ஏப்ரல் 9-ஆம் நாள் பிலிப்பைன்ஸ் கூடைப்பந்துச் சங்கம் தன் முதல் ஆட்டங்களை நடத்தியது. ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பு அதுவே. ஜவோர்ஸ்கி டொயோட்டா அணியில் இருந்தார். எதிரில் நின்ற கிரிஸ்பா அணியின் பயிற்றுநர் வேறு யாருமல்லர், அவருடைய பழைய ஆசிரியர் டலுபான்தான். முதலாண்டின் மூன்று தொடர்களில் முதல் இரண்டை டொயோட்டாவும் மூன்றாவதைக் கிரிஸ்பாவும் வென்றன. 1976-இல் மூன்றையும் கிரிஸ்பாவே வென்றது. நாடே இரு பிரிவாக நின்று இந்த ஆட்டங்களைப் பார்த்தது. 1977 ஏப்ரலில் ஆட்டம் முடிந்தபின் இரு அணியினரும் கைகலந்ததால், இராணுவச் சட்டம் நடப்பிலிருந்த அக்காலத்தில், ஆட்டக்காரர்கள் போனிஃபாசியோ கோட்டையில் தடுத்து வைக்கப்பட்டனர்.

1978-இல் ஜவோர்ஸ்கி ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். எனினும் அவருடைய பெருமையை விளக்கும் எண் வேறொன்று. சக ஆட்டக்காரர் கூடையில் போடுவதற்கு ஏற்றபடி பந்தை உரிய நேரத்தில் கைமாற்றிக் கொடுப்பதைத் தனியே கணக்கிடுவர். அக்கணக்கில் ஜவோர்ஸ்கி தம் தொழில்முறை வாழ்வில் 5,825 முறை பிறர் புள்ளி பெற வழிசெய்தார். அவ்வமைப்பில் அதற்குப் பின் ஆடிய எவரும் அந்த எண்ணை எட்டவில்லை. முரடர் என்று பெயரெடுத்த மனிதரின் மிகப் பெரிய சாதனை, பிறருக்குக் கொடுத்தல் என்பதாக அமைந்தது.

1983-ஆம் ஆண்டுப் பருவத்தோடு டொயோட்டா அணி கலைக்கப்பட்டு, ஆட்டக்காரர்கள் ஒட்டுமொத்தமாக வேறொரு நிறுவனத்திற்கு மாற்றப்பட்டனர். பண்டம் கைமாறுவதுபோல் மனிதர் கைமாறுவதா என்று ஜவோர்ஸ்கி உடன்பட மறுத்தார். அவரும் பிரான்சிஸ் அர்னாய்ஸும் 1984-இல் கில்பீஸ் அணியில் சேர்ந்தனர். அதே காலத்தில், நெடுநாள் தோழரான ரமோன் பெர்னாண்டஸுக்கும் அவருக்கும் இடையே மனத்தாங்கல் மூண்டது. ஐந்தாண்டு அது நீடித்தது.

ஒன்பது தையல்கள்

மறு ஆண்டே அந்த அணி 'ஜினெப்ரா' என்று பெயர் மாறியது. அது மலிவு விலை மதுவொன்றின் பெயர் என்பதை ஆசிரியன் என்ற முறையில் சற்று வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன். ஜவோர்ஸ்கி அவ்வணியில் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் ஒருங்கே பொறுப்பேற்றார். முப்பத்தொன்பது வயது, பலர் ஓய்வு பெற்றுவிடும் பருவம்.

1985 அக்டோபர் 22-ஆம் நாள், நார்தர்ன் கன்சாலிடேட்டட் சிமெண்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தில், எதிரணியின் ஜெஃப் மூர் என்பவரின் முழங்கை தற்செயலாக அவருடைய வாயில் தாக்கியது. உதடு கிழிந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்று ஒன்பது தையல்கள் இட்டனர். அவருடைய அணி பெரிதும் பின்தங்கியிருந்தது. கட்டுடன் அரங்கினுள் ஜவோர்ஸ்கி திரும்பி நடந்து வந்தபோது மக்கள் எழுப்பிய ஆரவாரம் நிற்கவில்லை என்பர். அவர் களமிறங்கினார், அணி மீண்டெழுந்து வென்றது. அன்று முதல் ஜினெப்ரா அணியின் குணத்திற்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது: ஒருபோதும் தோல்வியை ஒப்பாத உறுதி. வள்ளுவர் 63-ஆம் அதிகாரத்திற்கு இட்ட 'இடுக்கணழியாமை' என்னும் தலைப்பே இதற்குத் தகுந்த தமிழ்ப் பெயர் எனலாம்.

அன்று எதிரில் நின்ற அணி, நாட்டின் சார்பில் ஆடுவதற்கெனப் பயிற்சி பெற்றுவந்த அணியாகும். ஜெஃப் மூர் அமெரிக்கர். பிலிப்பைன்ஸ் குடியுரிமை வழங்கிச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். அடுத்த சில வாரங்களில், 1985 டிசம்பர் இறுதியிலும் 1986 சனவரித் தொடக்கத்திலும், நம் கோலாலம்பூரில் நடைபெற்ற ஆசிய வாகையர் போட்டியில் அவ்வணி பிலிப்பைன்ஸுக்காகப் பட்டம் வென்றது. ஆகவே அந்த அக்டோபர் இரவில் மோதிக்கொண்ட இருவருமே, வெவ்வேறு வழிகளில், அமெரிக்காவோடும் பிலிப்பைன்ஸோடும் தொடர்புடையவர்கள். ஒருவருடைய உரிமை அரசு வழங்கிய தாளில் இருந்தது. மற்றவருடைய உரிமை அரங்கின் மேல்தட்டில், மிகக் குறைந்த கட்டணத்தில் அமர்ந்திருந்த ஜீப்னி ஓட்டுநர்களின், சந்தை வணிகர்களின் குரலில் இருந்தது. அவர்கள் அவரை 'ஜவோ' என்று அழைத்தனர். போலந்து மொழியில் அப்பெயர் 'யவோர்ஸ்கி' என்றே ஒலிக்கும். மணிலாவின் தெருக்கள் அதனைத் தம் நாவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டன.

அவருடைய பயிற்சியில் அவ்வணி 1986, 1988, 1991, 1997 ஆகிய ஆண்டுகளில் நான்கு பட்டங்களை வென்றது. 1989-ஆம் ஆண்டு நடந்த நட்சத்திர ஆட்டத்தில் மூத்தோர் அணியில் ஜவோர்ஸ்கியும் பெர்னாண்டஸும் இடம்பெற்றனர். அந்த அணியின் பயிற்றுநர் அதே டலுபான். இறுதி நொடிகளில் ஜவோர்ஸ்கி பந்தை எறிந்து கொடுக்க, பெர்னாண்டஸ் அதைக் கூடையில் இட்டு ஆட்டத்தை வென்றார். டலுபான் இருவரையும் களத்தின் நடுவே அழைத்துக் கைகுலுக்கச் செய்தார். மாணவர் வளர்ந்து நாற்பதைக் கடந்த பின்னரும் ஆசிரியருக்கு ஒரு கடமை மிச்சமிருந்தது. அதை அவர் நிறைவேற்றினார்.

இரண்டு ஆண்டுகள்: ஒரு பாடம்

1990-ஆம் ஆண்டு ஜவோர்ஸ்கியின் வாழ்வில் விந்தையான ஆண்டு. அவ்வாண்டின் முதல் தொடரின் இறுதிச் சுற்றில், அப்போது 'அன்யெகோ' எனப் பெயர் கொண்டிருந்த அவருடைய அணி ஷெல் அணியோடு மோதியது. ஆறாம் ஆட்டத்தில் நடுவர்களின் தீர்ப்பை எதிர்த்து அவர் தம் அணியினரைக் களத்தைவிட்டு வெளியே அழைத்துச் சென்றுவிட்டார். ஆட்டம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்பட்டுப் பட்டம் ஷெல் அணிக்குச் சென்றது. பெருந்தொகை அபராதமும் விதிக்கப்பட்டது. 1971-இன் சினம் முற்றிலும் அடங்கவில்லை என்பதையே இது காட்டிற்று.

ஆயினும் சில திங்கள் கழித்து, பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு நாட்டின் அணியை நடத்திச் செல்லும் பொறுப்பு அவரிடமே இருந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்களும் பன்னாட்டுப் போட்டிகளில் ஆடலாம் என்று 1989-இல் விதி மாறியதை அடுத்து, பிலிப்பைன்ஸ் முழுவதும் தொழில்முறை ஆட்டக்காரரைக் கொண்டு அமைத்த முதல் நாட்டு அணி அது. பெர்னாண்டஸும் அதில் இருந்தார். கார்லோஸ் லோய்சாகாவின் மகன் சீட்டோ லோய்சாகாவும் இருந்தார். இறுதியாட்டத்தில் சீனாவிடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றனர். 1962-க்குப் பின் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அந்நாடு பெற்ற மிகச் சிறந்த இடம் அது.

1991-இல் அதே முதல் தொடரின் இறுதிச் சுற்றில், அதே ஷெல் அணி எதிரில் நின்றது. ஏழு ஆட்டங்கள் கொண்ட அச்சுற்றில் ஜவோர்ஸ்கியின் அணி ஒன்றுக்கு மூன்று எனப் பின்தங்கியது. இம்முறை அவர் வெளியேறவில்லை. ஐந்தாம் ஆட்டம், ஆறாம் ஆட்டம் எனத் தொடர்ந்து வென்று, ஏழாம் ஆட்டத்தின் கடைசி நொடியில் ரூடி டிஸ்ட்ரிட்டோ போட்ட பந்தினால் பட்டம் கைவந்தது. முந்தைய ஆண்டு வெளிநடப்பால் இழந்ததை அடுத்த ஆண்டு நின்று ஆடிப் பெற்றார். இடுக்கணழியாமை என்பதற்கு ஒன்பது தையல்களைவிட இதுவே சிறந்த சான்று என்பது என் கருத்து. உடல் வலியைப் பொறுப்பவர் பலர். தன் சினத்தைப் பொறுத்து நிற்பவர் சிலரே.

களத்திலிருந்து மன்றத்துக்கு

ஐம்பதாம் வயதிலும் அவர் களத்தில் இறங்கினார். 1998-இல் நாட்டு மக்களின் வாக்கால் செனட் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 2004 வரை பணியாற்றினார். பிறப்பால் குடிமகனாக இருப்பவரே அம்மன்றத்தில் அமரலாம் என்பது பிலிப்பைன்ஸ் அரசியலமைப்பின் விதி. தாய்வழிப் பிள்ளையை ஒரு காலத்தில் காத்திருக்க வைத்த நாடு, பிலிப்பினோத் தாயின் மகனைத் தன் மேலவையில் அமர்த்தியது.

அரசியலில் அவர் அனைவரின் பாராட்டையும் பெற்றார் என்று கூற இயலாது. 2001 சனவரி 16-ஆம் நாள், அதிபர் எஸ்ட்ராடாமீதான குற்ற விசாரணையில், வங்கி ஆவணங்கள் அடங்கிய உறையைத் திறக்கலாகாது என வாக்களித்த பதினொருவருள் அவரும் ஒருவர். அவ்வாக்கு மக்களைத் தெருவுக்கு இறக்கியது. அதிபர் பதவி இழந்தார். 2004-இல் ஜவோர்ஸ்கி மீண்டும் போட்டியிட்டுத் தோற்றார். மக்கள் தம்மவரைக் கேள்வி கேட்பர், தோற்கடிக்கவும் செய்வர். ஆனால் அத்தோல்வி அவருடைய விளையாட்டுப் புகழைத் தொடவில்லை. 2005-இல் பிலிப்பைன்ஸ் கூடைப்பந்துச் சங்கத்தின் புகழரங்கில் முதல் அணியிலேயே அவர் சேர்க்கப்பட்டார். 2012 சூலை 8-ஆம் நாள் அவர் அணிந்த ஏழாம் எண் சட்டை, இனி அவ்வணியில் எவரும் அணியாதபடி ஓய்வளிக்கப்பட்டது.

பின்வந்தோர்

அவர் செனட்டில் இருந்த காலத்தில், வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இரு மரபு ஆட்டக்காரர் பலர் பிலிப்பைன்ஸுக்கு வந்தனர். அவருள் சிலருடைய குடியுரிமைச் சான்றுகள் போலி எனத் தெரியவந்தன. செனட் சபையும் விசாரணை நடத்திற்று. பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்போ, பதினாறு வயதிற்குள் கடவுச்சீட்டுப் பெறாதவரை, தாய்வழியில் உறவு இருப்பினும், புதிதாகக் குடியுரிமை பெற்றவராகவே கருதுகிறது. அமெரிக்கத் தொழில்முறைக் களத்தில் புகழ்பெற்ற ஜோர்டன் கிளார்க்சன், தாய்வழியே பிலிப்பினோ உறவுடையவராக இருந்தும், 2023 உலகக் கோப்பைப் போட்டியில் அந்த ஓர் இடத்தில்தான் ஆட முடிந்தது.

அதே 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிலிப்பைன்ஸ் அறுபத்தோர் ஆண்டுகளுக்குப் பின் தங்கம் வென்றது. அவ்வெற்றிக்கு முன்னின்றவர் ஜஸ்டின் பிரவுன்லீ. பிலிப்பினோக் குருதி ஒரு துளியும் இல்லாத அமெரிக்கர். அவ்வாண்டின் தொடக்கத்தில் தனிச் சட்டத்தின் வழி குடியுரிமை பெற்றவர். ஆனால் அதற்கு முன்பே பல்லாண்டு அவர் ஆடிவந்த அணி எது தெரியுமா? ஜவோர்ஸ்கியின் ஜினெப்ராவேதான். மேல்தட்டு மக்கள் போலந்துப் பெயரொன்றைத் தமதாக்கிக்கொண்ட அதே அரங்கில், இன்னொரு வெளிநாட்டுப் பெயரும் அவ்வாறே தமதாகியிருந்தது. சட்டம் பின்னர்தான் வந்தது.

குருதியின் அளவை நிறுத்துப் பார்க்கும் துலாக்கோல் எந்நாட்டிலும் இல்லை. படிவத்தின் கட்டம் ஒரு சொல்லைக் கேட்கும்; அதை நிரப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் அக்கட்டத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை அளக்கும் உரிமை ஆசிரியனுக்கும் இல்லை, உடன் பயில்வோருக்கும் இல்லை.

என் அறையில் நின்ற சிறுவனுக்கு அன்று விடை கூறாமல் அனுப்பிவிட்டேன். இரண்டு வாரங்கள் கழித்து அவனை அழைத்து, இக்கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். ஒன்பது தையல்களைப் பற்றி மட்டும் அவன் இருமுறை கேட்டான். பிறகு, "அவர் அம்மாவின் மொழியில் பேசுவாரா, ஐயா?" என்றான். பேசுவார் என்றேன். "நானும் பேசுகிறேனே" என்று கூறிவிட்டுத் திடலுக்கு ஓடினான்.

அவன் கேட்ட கேள்விக்கு அவனே விடை கூறிவிட்டான். அந்த விடையைத் திடலில் நிற்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் புரியவைக்கும் கடமை நம்முடையது.